உறங்காத கண்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், காலைப் பூசை முடிந்ததும் ஒரு தாய் தம் வயதுவந்த மகளுடன் நம்மிடம் வந்தார். "சாமி, இவள் இரவெல்லாம் உறங்குவதில்லை. விளக்கை அணைத்தால் அலறுகிறாள். தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறாள். தீர்த்தம் மந்திரித்துத் தாருங்கள்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, உறவினன் ஒருவனால் அவளுக்கு நேர்ந்த கொடுமையையும் கூறினார். அம்மகளின் சம்மதத்தோடுதான், ஊரும் பேரும் மறைத்து இதை எழுதுகிறோம்.

தீர்த்தம் கொடுத்தோம். "படுக்குமுன் ஜெபமாலை சொல், மகளே, நடந்ததை மறந்துவிடு" என்று புத்திமதியும் சொன்னோம். அடுத்த மாதம் அவள் கேட்டது இன்றும் நம் நெஞ்சைக் குத்துகிறது. "ஜெபமாலை சொல்கிறேன், சாமி. முடிந்ததும் அம்மா விளக்கை அணைத்துவிடுகிறார்கள். உடனே பயம் வந்துவிடுகிறது. எனக்கு விசுவாசம் போதவில்லையா?"

போதாதிருந்தது நம்முடைய அறிவே. அமெரிக்காவின் போஸ்டன் நகர மருத்துவமனைக்கு வந்த இத்தகைய பெண்களைக் கண்டு பேசி, ஆன் பர்ஜெஸ் என்னும் தாதியும் லிண்டா ஹோம்ஸ்ட்ராம் என்னும் சமூகவியல் அறிஞரும் 1974-லேயே எழுதியிருக்கின்றனர். உறக்கமின்மை, கொடுங்கனவு, சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல் ஆகியவற்றை அவர்கள் கண்டனர். உறக்கத்தில் தாக்கப்பட்ட பெண்கள், கொடுமை நடந்த அதே நேரத்தில் இரவுதோறும் விழித்துக்கொண்டனராம். ஆபத்து நீங்கியதை மனம் அறிந்தாலும், உடல் காவற்காரனைப்போல் விழித்தே இருக்கிறது. உறங்குவதென்றால் காவலைக் கைவிடுவதல்லவா?

சாமுவேல் இரண்டாம் நூலின் 13-ஆம் அதிகாரத்தில் தாமாரின் துயரத்தை வாசிக்கிறோம். தமையன் அப்சலோம் அவளைப் பேசாதிருக்கச் சொன்னான். தந்தை தாவீது சினங்கொண்டாரேயன்றி நீதி வழங்கவில்லை. அவள் தமையன் வீட்டில் பாழடைந்தவளாய் வாழ்ந்தாள். "மறந்துவிடு" என்ற நாமும் அப்சலோமின் சொல்லையே சொன்னோம்.

பெற்றோரே, உங்கள் வீட்டில் இத்துயரம் நேர்ந்தால் மகளை நம்புங்கள். "நீ ஏன் அங்கே போனாய்?" என்று கேளாதீர்கள். உறவென்பதற்காகக் குற்றவாளியை வாசற்படி ஏற்றாதீர்கள். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடாமல், மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பேச்சுவழிச் சிகிச்சையால் பலர் நலம் பெறுகின்றனர். பெண்களுக்கு உதவ 181, குழந்தைகளுக்கு 1098 என்ற தொலைபேசி எண்கள் உள்ளன. பதினெட்டு வயது நிரம்பாதவர்க்குத் தீங்கு நேர்ந்ததை அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவியாதிருப்பது, 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றமாகும். குடும்ப மானம் என்பது இதற்கு விலக்காகாது.

அம்மகள் சிகிச்சை பெற்றாள். இப்போது பெரும்பாலான இரவுகளில் உறங்குகிறாள். எல்லா இரவுகளிலும் அல்ல. ஜெபமாலையையும் விட்டுவிடவில்லை. முடிந்தபின் அவள் தாய் விளக்கை அணைப்பதில்லை.