வடநெம்மேலியில் ஒரு முற்பகல்

2023ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ விருதுப் பட்டியலில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவரின் பெயர்கள் இடம்பெற்றபோது, பாம்பு பிடிப்பதற்கும் சர்க்கார் விருது கொடுக்கிறதா என்று வியந்தவர்கள் பலர். அவ்விருவரும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்துக்கு வரவழைக்கப்பட்டு, அந்நாட்டுச் சதுப்பு நிலங்களில் அந்நியமாகப் புகுந்து, அங்குள்ள பிராணிகளை விழுங்கிப் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவர்கள் என்பதையும், அவர்களுடைய குலத்தார் தலைமுறை தலைமுறையாகச் செங்கற்பட்டுச் சீமையின் வரப்புகளிலும் புற்றுகளிலும் இவ்வித்தையைப் பயின்று வந்தவர்கள் என்பதையும் பத்திரிகைகள் ஒரு பத்திக்குள் சொல்லி முடித்துவிட்டன. விலங்கியல் போதிக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டேன். "இது படித்துத் தெரிகிற சங்கதியல்ல, போய்ப் பாரும்" என்று சொல்லி, வடநெம்மேலியில் வேலை செய்யும் பெரியவர் ஒருவருக்கு என்னை அவர் அறிமுகம் செய்துவைத்தார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், முதலைப் பண்ணை வளாகத்திலே இயங்குகிறது இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியால் 1978இல் தோன்றிய ஸ்தாபனம் இது. உள்ளே நுழைந்தால் கண்ணில் படுவன மண்பானைகளே. வாயில் வெள்ளைத் துணி போர்த்திக் கயிற்றால் இறுகக் கட்டி வரிசையாக வைத்திருந்த அப்பானைகளைப் பார்த்துவிட்டு, ஊறுகாய் வியாபாரம் நடக்கும் இடமோ என்று ஒருவர் மயங்கினாலும் குற்றமில்லை. உள்ளே இருப்பவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கு இனங்கள். நம் நாட்டில் பாம்புக் கடியால் மாய்வோரில் பெரும்பாலோரை மாய்ப்பவை இவையே; ஆகவே நம் ஆஸ்பத்திரிகளில் போடும் விஷமுறிவு மருந்தும் இந்நான்கின் விஷத்தைக் கொண்டே தயாராகிறது.

பெரியவர் மெலிந்த சரீரம் உடையவர். வலக்கையில் ஒரு விரல் சற்றே வளைந்து நிமிராமல் நின்றது. அதன் காரணத்தை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவருடைய ஆயுதம் நுனி வளைந்த ஓர் இரும்புக் கம்பி, அவ்வளவுதான். இடுக்கி வைத்துப் பிடிப்பதை அவர் விரும்புவதில்லை. இடுக்கியின் பிடி பாம்பின் விலா எலும்புகளை நெரித்துவிடும் என்பதோடு, நெரிபட்ட பாம்பு தன்னை ஏதோ ஒரு மிருகம் கவ்விவிட்டதாக எண்ணிப் பின்னும் மூர்க்கமாகக் கொத்தும் என்பதும் அவர் கட்சி. கம்பியோ பாம்பைப் பிடிப்பதில்லை, தாங்குகிறது. கிளையொன்றின்மேல் கிடப்பதுபோல் அதன்மேல் கிடந்துகொண்டு, எதிரி எவன் என்று நிச்சயிக்க இயலாமல் பாம்பு தயங்கும் அந்தச் சில கணங்களே அவருக்குப் போதுமானவை.

முதலில் கண்ணாடி விரியனை எடுத்தார். துணியை அவிழ்த்ததும் பானைக்குள்ளிருந்து எழுந்த சீற்றம், நெஞ்சுக்குள்ளே அதிர்வதாகத் தோன்றிற்று. வெளியே வந்த பாம்பு கழுத்தை இருமடிப்பாக வளைத்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. அந்த மடிப்புத்தான் அது பாய்வதற்குச் சேர்த்து வைக்கும் பலம். பெரியவரின் கண் தலையைக் காட்டிலும் அந்த மடிப்பின்மேலேயே இருந்தது. விரியன் தன் உடல் நீளத்தில் ஏறக்குறைய பாதி தூரம் வரையே எட்டிக் கொத்த முடியும் என்பதைக் கணக்கில் வைத்து அதற்கு வெளியே நின்றுகொண்டு, நிழல்கூட அதன்மேல் விழாதபடி பக்கவாட்டில் நகர்ந்து, அது பாய்ந்து, ஏமாந்து, மறுபடி மடிப்பைக் கூட்டுவதற்குள் வாலைப் பற்றி மேடைக்குக் கொண்டுபோய், கம்பியால் தலையை மெல்ல அழுத்தித் தாடையின் பின்புறத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வாங்கிக்கொண்டார். அவசரம் என்பதே அதில் இல்லை. சவ்வு போர்த்திய கண்ணாடிக் குப்பியின் விளிம்பை வாயருகே காட்டியதும் பற்கள் சவ்வைத் துளைத்து உள்ளே இறங்கின. நீர்மமாய்ச் சொட்டிற்று விஷம். பார்வையாளர் கூட்டத்தில் ஒரு குழந்தை கை தட்டிற்று.

நல்ல பாம்பு அவருக்குச் சிரமமே கொடுப்பதில்லை. அது படமெடுத்து எச்சரித்துவிட்டுத்தான் கொத்தும். எவ்வளவு உயரம் எழும்பியதோ ஏறத்தாழ அவ்வளவு தூரத்துக்கே முன்னால் விழும். அவர் மதித்து அஞ்சுவது சாண் இரண்டு சாண் நீளமே உள்ள சுருட்டையைத்தான். உடம்பைச் சுருள் சுருளாக வளைத்துச் செதில்களை ஒன்றோடொன்று உரசி ஓசை எழுப்பிக்கொண்டே அது கொத்துகிற வேகத்தை என் கண் தொடரவில்லை. கட்டுவிரியன் பகலில் தலையை உடம்புக்கடியில் ஒளித்துக்கொண்டு பரம சாதுவாய்க் கிடந்தது. தரையில் படுத்துறங்கும் ஏழைகளை இரவில் கடிப்பது அதுதான் என்பதை நம்புவது கடினம்.

விஷத்தை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கும் விதத்தை ஓர் ஊழியர் விளக்கினார். அது எனக்கு ருசிக்கவில்லை, ஆகவே விட்டுவிடுகிறேன். பிடித்த பாம்பை மூன்று வாரம் போல வைத்திருந்து, வாரம் ஒருமுறையாக நான்கு தரம் விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளம் செய்து காட்டிலே விட்டுவிடுகிறார்கள்.

என் தமக்கையின் பேரன் டெக்ஸாஸில் வசிப்பவன். கார்ன் ஸ்நேக் என்னும் விஷமற்ற பாம்பொன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறான். நம் நாட்டுப் பாம்பு எதையும் அப்படி வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடங்கொடாது. அங்கே அது சகஜம். அப்பாம்பு கையை நீட்டினாலே கொத்த வருகிறது என்று அவன் முறையிட்டிருந்ததைப் பெரியவரிடம் சொன்னேன். வளர்ப்பதா என்று சிறிது சிரித்துவிட்டு, வைத்தியர் நாடி பார்த்துக் கேட்பவர்போல் கேட்கத் தொடங்கினார்.

"கண்ணு பால் பூத்த மாதிரி இருக்குதான்னு கேளுங்க சார். சட்டை உரிக்கப் போற நேரத்துல அதுக்குப் பார்வை மங்கிடும். அப்ப தொடக் கூடாது. எலியத் தொட்ட கையோட போறாரா? அந்த வாசனைக்கு இரைன்னுதான் பாயும். மேலேருந்து கை போகுதா? மேலேருந்து வர்றதெல்லாம் அதுக்குப் பருந்துதான். பக்கத்துலேருந்து, தாழக் கொண்டு போகணும். நடு உடம்புல கை குடுக்கணும், தலைகிட்டப் போகவே வேணாம். தின்னு ரெண்டு நாள் ஆவுற வரைக்கும் எடுக்கக் கூடாது. ஒளியறதுக்கு ஒரு எடம் வெச்சிருக்காரா?"

ஒளிய இடம் வைத்திருக்கிறானா என்பது எனக்குத் தெரியவில்லை. அவர் கேட்ட கேள்விகளையெல்லாம் எழுதிக்கொண்டேன். இத்தனை நுட்பமும் ஏட்டில் கற்றதன்று என்பதை நினைக்கும்போது, இவர்களுடைய உழைப்பின் பயன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்னும் கேள்வி எழாமல் இராது.

ஒரு காலத்தில் இருளர்கள் ஜீவனம் செய்தது பாம்புத் தோலை விற்று. உயிரைப் பணயம் வைத்துப் பிடித்தவனுக்குச் சில்லறைக் காசு; அதைப் பதனிட்டு ஐரோப்பாவில் சீமாட்டிகளின் கைப்பையும் காலணியுமாக்க ஏற்றியனுப்பிய தரகனுக்கும் வியாபாரிக்கும் மாளிகை. 1972இன் சட்டமும் 1976இல் வந்த ஏற்றுமதித் தடையும் பாம்புகளைக் காப்பாற்றின, நல்லதே. ஆயின் தோல் வியாபாரி வேறு சரக்குக்குத் தாவிக்கொள்ள, புற்றைத் தவிர வேறொன்றறியாத இருளன்தான் அடுப்பெரியாமல் நின்றான். அவனுக்காக ஏற்பட்டதே இச்சங்கம். இடைத்தரகன் இங்கே இல்லை என்பது மெய். எனினும் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறையின் அனுமதி வரவேண்டும். அது தாமதிக்கும் வருஷத்தில் பானைகள் காலியாகக் கிடக்கின்றன. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியால் இறந்ததாக ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டிருக்கிறார்கள். கடிபட்ட ஒருவனுக்கு முதற்கட்டத்திலேயே எட்டுப் பத்துப் புட்டி மருந்து ஏற்ற வேண்டியிருக்கிறது. புட்டியின்மேல் கம்பெனியின் பெயர் உண்டு, விலை உண்டு, காலாவதித் தேதியும் உண்டு. பிடித்தவன் பெயர் போட இடமில்லை போலும்.

பேரன்மார் யாரும் இதற்கு வருகிறார்களா என்று பெரியவரைக் கேட்டேன். ஒருவன் கேளம்பாக்கத்தில் ஆட்டோ ஓட்டுகிறான். சின்னவன் பத்தாம் வகுப்பு. வயல்களெல்லாம் மனைகளாகிவிட்டதால் பாம்பு தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. விடுமுறை நாட்களில் சின்னவன் கூட வருகிறானாம். தடம் பார்ப்பதில் கெட்டிக்காரன், எலி வளை வெட்டுவான், சாரைப் பாம்பைக் கையாலேயே பிடிப்பான்.

"விரியன்?" என்றேன்.

"இன்னும் குடுக்கல சார். பையன் கை ரொம்ப வேகம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பானையின் கயிற்றை அவிழ்க்கப் போனார்.