சாக்கடை நீரோடு ஒரு பிரயாணம்

காலையில் பாத்திரம் துலக்கி, தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறீர்களே, அது அப்புறம் எங்கே போகிறது என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? எனக்கும் போன வாரம்தான் அந்த யோசனை வந்தது. அதன் பின்னாலேயே புறப்பட்டுவிட்டேன். நீங்களும் வாருங்கள், மூக்கை மட்டும் கொஞ்சம் பொத்திக்கொள்ளுங்கள்.

முதலில் கொடுங்கையூர். வடசென்னைக் கழிவுநீர் இங்கே வந்து சேருகிறது. அரிசி களைந்த நீரைப் போல் முதலில் அசையாமல் நிறுத்தி, மண்டியைப் படிய விடுகிறார்கள். பிறகு காற்றைச் செலுத்துகிறார்கள். காற்று கிடைத்ததும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பெருகி அழுக்கைத் தின்று தீர்க்கின்றன. உங்கள் இட்லி மாவைப் புளிக்க வைப்பவற்றுக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

2019 முதல் இன்னொரு நிலையமும் இங்கே வேலை செய்கிறது. அடுக்களைச் சுவரில் மாட்டியிருக்கிறோமே ஆர்.ஓ. இயந்திரம், அதன் பிரம்மாண்டமான அண்ணன் அது. தினம் 4.5 கோடி லிட்டர் வரை வடித்து, குழாய் வழியாக மணலித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பக்கூடியது. அவ்வளவு குடிநீர் நமக்கு மிச்சம்.

ஆனால் எல்லாச் சாக்கடையும் ஒழுங்காக இங்கே வந்துவிடுவதில்லை. மழைநீர் வடிகாலில் புகுந்து, பக்கிங்காம் கால்வாயைப் பிடித்து, எண்ணூருக்கு ஓடிவிடுவதும் உண்டு. நாமும் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் அதைத் தொடர்வோம்.

எண்ணூரைத் தாண்டியதும் ஜன்னல் பக்கம் பாருங்கள். கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் தண்ணீருக்கு மேலே தலைகள் மட்டும் தெரிகின்றனவா? அவர்கள் இருளர்கள், நம் மாநிலத்தின் பழங்குடியினர். வலை இல்லை, தோணி இல்லை. பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். பெண்களும்தான். நம் வீட்டு அழுக்குக்கும் அவர்கள் உதட்டுக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளிகூட இல்லை. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து இங்கே படர்ந்தபோது, முதலில் பிழைப்பை இழந்தவர்களில் இவர்களும் உண்டு.

பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கினால் இரும்பாலைகளும் ரசாயன ஆலைகளும். இந்தக் கழிவுக்குக் கொடுங்கையூர்ப் பக்குவம் மட்டும் போதாது. உலோகம் கலந்த நீரில் சுண்ணாம்பு சேர்த்து, உலோகத்தை அடியில் படிய வைத்த பிறகே கிருமிகளிடம் அனுப்பலாம். இல்லாவிட்டால் அவை பாவம், செத்துப்போகும்.

மேற்கே சிறிது தூரத்தில் கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம். 2020-ல் திறந்தது, அரை டி.எம்.சி. கொள்ளும். அந்த நல்ல தண்ணீர் சென்னைக் குழாய்களுக்குத் தெற்கே போகிறது. நாம் அழுக்காக்கியது வடக்கே வருகிறது. கணக்கு எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை!

கனடாவின் வடகோடியில் இனூயிட் பழங்குடியினரின் ஊர்களில் லாரி வந்து வீட்டுக் கழிவுநீரை எடுத்துப்போய்க் குளத்தில் விடுகிறது. வருஷத்தில் பெரும் பகுதி அது உறைந்து கிடக்கும். கோடையில் சில வாரங்கள்தான் கிருமிகள் வேலை செய்யும். நமக்கோ பன்னிரண்டு மாதமும் வெயில். சிற்றூருக்கு ஒழுங்காக வெட்டிய இரண்டு மூன்று குளங்களே போதும். மின்சாரச் செலவுகூட இல்லை.

திரும்பும் வழியில் ஓர் இருளர் குடியிருப்பில் நின்றேன். பறியை வேலியில் மாட்டிவிட்டு ஓர் அம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவீர்கள்?" என்று கேட்டேன்.

என்னை விநோதமாகப் பார்த்தாள். பிறகு பானையைத் தூக்கிப்போய், வாசல் முருங்கையின் அடியில் ஒரு சொட்டு விடாமல் ஊற்றினாள்.