மருந்தடித்த மறுநாள்

பருத்திக்கு மருந்தடித்த மறுநாள், "உடம்புக்கு முடியலீங்க, இன்னிக்கு வரலை" என்று ஆள் சொல்லி அனுப்பினால், பல வீடுகளில் எழும் முதல் பேச்சு, "நேத்துக் கூலி கையில இருக்கு, எப்படி வருவான்?" என்பதுதான். அதே விவசாயி தன் கையால் மருந்தடித்துவிட்டு மறுநாள் படுத்துக்கொண்டால், "மருந்து நெடி ஒத்துக்கலை" என்று வீட்டார் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள். உடம்பு ஒன்றுதான், பெயர்தான் வேறு.

வராத நாளுக்குக் கூலி கிடையாது. பொய் சொல்லி அவர் சம்பாதிப்பது ஒன்றுமில்லை.

தலைவலி, குமட்டல், அதிக வியர்வை, எச்சில் ஊறுதல், கண் மங்கல், தள்ளாட்டம் ஆகியவை மோனோகுரோட்டோபாஸ், புரபனோபாஸ் போன்ற மருந்துகள் உடம்பில் ஏறியதன் அடையாளங்கள். நனைந்த சட்டை வழியே தோலில் இறங்கினாலே போதும். பார்ப்பவர் குடித்திருக்கிறார் என்று நினைப்பார்கள். 2017-இல் மகாராஷ்டிர மாநிலம் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஆள் வரவில்லையா? திட்டுவதற்கு முன் அவர் வீடு வரை ஒரு நடை போய்ப் பார்க்க வேண்டும். இந்த அடையாளங்கள் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். மருந்து டப்பாவின் லேபிளையும் எடுத்துப் போனால், டாக்டருக்குச் சிகிச்சை தொடங்க எளிது. நடவுக்கும் அறுப்புக்கும் நாம் தேடிப் போவதும் அதே வீட்டுக்குத்தானே.