வேலையைத் திருப்பிக் கொடுங்கள்

புற்றுநோய் சிகிச்சை முடிந்து வரும் முதியவரிடம் பிசியோதெரபிஸ்ட்டாக நான் முதலில் பார்ப்பது, கையை ஊன்றாமல் அவரால் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்பதை. நோய் அடங்கிய பிறகும் ஆளைப் படுக்கையில் தள்ளுவது தொடைத் தசையின் தேய்வு. 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்கள் 10 நாள் படுத்தே இருந்ததில் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ சதை போயிற்று. கீமோவும் பசியின்மையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நம் வீடுகளிலோ பாசம், "நீங்க உக்காருங்கப்பா, நான் எடுத்துத் தரேன்" என்றுதான் பேசுகிறது. தண்ணீர்ச் செம்புகூட கைக்கே வந்துவிடுகிறது. உடனிருப்பவர்கள் அந்த வேலைகளை ஒவ்வொன்றாக அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

"இந்த வயதில் பயிற்சியா?" என்பார்கள். 65 முதல் 91 வயது வரையுள்ள 641 பேரை, புற்றுநோய் கண்டு ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆனவர்களை, வைத்து நடந்த ஓர் ஆய்வில் பாதிப் பேருக்குத் தொலைபேசி ஆலோசனையும் அஞ்சலில் அனுப்பிய கையேடுகளும் கொண்டே நடை, கால் பயிற்சி, உணவு மாற்றம் பழக்கினார்கள். 2009-இல் முடிவு வந்தது. ஓராண்டில் அவர்களுக்கு உடல் இயக்கம் குன்றும் வேகம் தெளிவாகக் குறைந்திருந்தது. முற்றிலும் நிற்கவில்லை, அந்த வயதில் குறைவதே பெரிது. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர் பளு தூக்கினால் கை வீங்கும் என்ற பயத்துக்கும் அதே ஆண்டு பதில் கிடைத்தது: மேற்பார்வையில் மெல்ல மெல்லப் பளுவைக் கூட்டியவர்களுக்கு வீக்கம் அதிகரிக்கவில்லை. ஆனால் எலும்புக்கு நோய் பரவியவர்களும் பிளேட்லெட் குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. அவர்களின் அச்சம் நியாயமானது.

உணவில் எனக்குக் கவலை தருவது வெறும் கஞ்சி. முட்டை வேண்டாம், பால் வேண்டாம், மீன் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் மிஞ்சுவது அதுதான். புற்றுநோயாளிக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள் ஐரோப்பிய ஊட்டச்சத்து வல்லுநர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தனியாகக் கேட்டறிய வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராமாவது தேவை. ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம். ஆகவே கஞ்சியோடு கெட்டிப் பருப்போ தயிரோ மீனோ வேளைதோறும் சேர வேண்டும். மேலே சொன்ன 641 பேரும் கூடுதல் எடை கொண்டவர்கள். அவர்களுக்குச் சொன்ன எடைக் குறைப்பை மெலிந்துபோனவர்மேல் சுமத்தக் கூடாது.

பார்த்துக்கொள்ளும் மனைவிக்கும் பெரும்பாலும் அறுபது தாண்டியிருக்கும். அவர் மிச்சம்மீதியைச் சாப்பிட்டு, முழங்கால் வலியோடு ஓடுகிறார். அவருக்கென்று தனி நேரம் கிடைக்காது. அதனால் பயிற்சியை இருவருக்கும் சேர்த்தே எழுதித் தருகிறேன்: இரண்டு நாற்காலிகள், சேர்ந்தே எழுந்து உட்காருவது, அதன்பின் இருவருக்கும் ஒரே அளவு சுண்டல்.