கம்ப்யூட்டர் மறக்கும், உடம்பு மறக்காது

டைவிங் கடையில் வேலை என்று சொன்னாலே வகுப்பில் எல்லாரும் கேட்பது "சுறா பாத்தியா?" என்றுதான். இல்லை மக்களே. நான் அதிகம் பார்த்தது பேட்டரி :-)

புதுச்சேரியில் ஒரு டைவிங் கடையில் வார இறுதிகளில் வேலை செய்கிறேன். அங்கே நான்தான் சின்னவன் என்பதால் சிலிண்டர் தூக்குவது, வெட்சூட் அலசுவது, டைவ் கம்ப்யூட்டர்களுக்கு பேட்டரி மாற்றுவது எல்லாம் என் தலையில். பேட்டரி மாற்றுவதைப் பற்றி ஒரு பதிவா என்று நினைக்கலாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

டைவ் கம்ப்யூட்டர் என்பது மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பெரிய வாட்ச் மாதிரி. ஆழத்தையும் நேரத்தையும் அளந்து, உங்கள் உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் கரைந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு மடங்கு அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டரில் மேலே இருப்பதைப் போல 3 மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழி விடும். மூட்டு வலியில் ஆரம்பித்து கை கால் செயலிழப்பது வரை போகலாம்.

மேலே வந்ததும் எல்லா நைட்ரஜனும் போய்விடாது. பல மணி நேரம் மெல்ல மெல்ல வெளியேறும். அடுத்த டைவுக்கு அந்த மிச்சத்தையும் சேர்த்துத்தான் கணக்கு.

இங்கேதான் பேட்டரி வருகிறது. சில மாடல்கள் பேட்டரியைக் கழற்றினாலும் இந்தக் கணக்கைப் பத்திரமாக வைத்திருக்கும். ஆனால் பல சாதாரண மாடல்களில் கழற்றியதும் அழிந்துவிடும். புது பேட்டரி போட்டதும், நீங்கள் பல நாளாகத் தண்ணீர்ப் பக்கமே போகாதவர் என்று அது நம்ப ஆரம்பித்துவிடும்.

போன சீசனில் ஒருவர் சொந்த கம்ப்யூட்டருடன் வந்தார். காலையில் இரண்டு டைவ் முடித்தார். மதியம் திரையில் பேட்டரி குறி மின்னியது. "தம்பி, சீக்கிரம் ஒரு பேட்டரி போட்டுக் குடு, மூணாவது டைவ் போகணும்" என்றார். "சார், போட்டுத் தரேன். ஆனா இன்னிக்கு இதை நம்பி இறங்க முடியாது" என்றேன். வந்ததே கோபம்! காசு கொடுத்து வந்திருக்கிறாராம், நேற்று வந்த பையன் பாடம் எடுக்கிறானாம். கடை கம்ப்யூட்டர் ஒன்றை வாடகைக்குக் கேட்டார். அதற்கும் அவருடைய காலை டைவ் தெரியாதே!

சத்தம் கேட்டு இன்ஸ்ட்ரக்டர் அக்கா வந்தார். பழைய முறைப்படி அட்டவணை எடுத்து, பேப்பரில் கணக்குப் போட்டார். அட்டவணைக்கு ஏறி இறங்கியதெல்லாம் தெரியாது, முழு நேரமும் ஆழமான இடத்திலேயே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளும். அவர் போன அதிகபட்ச ஆழம் 22 மீட்டர், இருந்தது 50 நிமிடம். எங்கள் அட்டவணையில் 22 மீட்டருக்கு எல்லையே 37 நிமிடம்தான். அக்கா பேப்பரை அவர் பக்கம் திருப்பி வைத்தார். மனுஷன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, நான் பேட்டரி மாற்றுவதைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். சிஆர் 2450 என்றால் 24.5 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் தடிமன். 2430 என்றால் தடிமன் 3 மில்லிமீட்டர். இந்த 3 வோல்ட் லித்தியம் பேட்டரிகளிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. ஆயுளில் பெரும்பகுதி வோல்டேஜ் இறங்காமல் நல்ல பிள்ளையாக இருக்கும், கடைசியில் சட்டென்று விழும். குளிர்ந்த தண்ணீரில், விளக்கு எரியும்போது, அலாரம் அடிக்கும்போது இன்னும் சீக்கிரம் விழும். கரையில் நன்றாக இருந்தது கீழே போய் அணைவது இதனால்தான். ஆகவே டைவ் பயணத்துக்கு முன்பே, நைட்ரஜன் கணக்கு எதுவும் மிச்சம் இல்லாத நாளில் மாற்றிவிடுங்கள். டைவ் செய்த பிறகு மாற்ற வேண்டி வந்தால், சில கம்பெனிகளின் கையேடு குறைந்தது 48 மணி நேரம் தண்ணீரில் இறங்காதே என்கிறது.

மாற்றுவதற்கு முன் நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாக உலர விட்டு, பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். மூடிக்குள் இருக்கும் ஓ-ரிங்தான் கடலை வெளியே நிறுத்தும் காவல்காரன். அதை ஊசியால் கிளறக் கூடாது. கீறல் விழுந்தால் கதை முடிந்தது. ஒரு தலைமுடி மாட்டிக்கொண்டாலும் உப்புத்தண்ணீர் உள்ளே போய்விடும். நான் ஒவ்வொரு முறையும் ஓ-ரிங்கையும் சேர்த்தே மாற்றிவிடுவேன். கிரீஸ் கம்பெனி சொன்னதுதான், அதுவும் பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும். பழைய பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும்.

லீவில் அந்தமான் போகிறோம் என்று நம் வகுப்பில் ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. வாடகைக்கு கம்ப்யூட்டர் வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: பேட்டரி எப்போது மாற்றினீர்கள்? அடுத்தடுத்த டைவுக்கும் எனக்கு இதே கம்ப்யூட்டர்தானே? முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கேட்டுவிட்டு இறங்குங்கள்.