முல்லைத்தீவுக்குச் சென்ற காற்று

வன்னிப் பெருநிலப்பரப்பிலிருந்து கிழக்குக் கடலை நாடிச் செல்வோர்க்குப் பெருந்தெருக்கள் இரண்டு உள. பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு, வட்டுவாகல் வழியாகச் செல்வது ஒன்று. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாகச் செல்வது மற்றொன்று. நாம் சென்றது பின்னைய வழியில். தூரம் ஏறக்குறைய 50 கிலோமீற்றர். இருமருங்கும் காடு; இடையிடையே வயல்களும் குளங்களும். யானை குறுக்கிட்டால் வண்டியைத் திடீரென நிறுத்த நேரும் என்பதை இங்கு வண்டியோட்டுவோர் எவரும் மறப்பதில்லை.

நாம் ஏறிய சிறு லொறியில் நெல் மூட்டையுமில்லை, மீன் பெட்டியுமில்லை. ஆறு காற்றுக் கலன்களே இருந்தன. கடலட்டையும் சங்கும் எடுக்கும் சுழியோடிகள் முதுகிற் கட்டிக்கொண்டு கடலில் இறங்கும் சிலிண்டர்கள் அவை. இவற்றை ‘ஒட்சிசன் சிலிண்டர்’ என்று சொல்வோர் பலர். அது பொருந்தாது. உள்ளே இருப்பது நாமெல்லோரும் சுவாசிக்கும் சாதாரணக் காற்றே. வடிகட்டி, ஈரம் போக்கி, அமுக்கி அடைக்கப்பட்டது.

பிரான்சு தேசத்தவரான கூஸ்தோ, காஞ்ஞான் என்னும் இருவர் 1943ஆம் ஆண்டில் இக்கருவியைச் செப்பஞ் செய்தனர். பதின்மூன்று ஆண்டுகளில், அதாவது 1956இல், இத்தகைய கலனுடன் திருகோணமலைக் கடலில் மூழ்கிய மைக் வில்சன், பறங்கியர் இடித்த பழைய கோணேசர் கோயிலின் தூண்களை நீரடியிற் கண்டார். இன்று அதே கருவி முல்லைத்தீவு இளைஞர் சிலருக்குச் சோறு போடுகின்றது. அவர்கள் எடுக்கும் கடலட்டையை நம்மவர் உண்பதில்லை; அவித்து உலர்த்திச் சீனம், சிங்கப்பூர் முதலிய தேசங்களுக்கு அனுப்புகின்றனர். இரவில் விளக்கொளியிற் சுழியோடி அட்டை பிடிப்பது குறித்து இக்கரையில் நெடுநாட் பூசல் உண்டு. அது தனியே எழுதத்தக்க பெருங்கதை.

மோட்டார் வண்டியின் சக்கரத்திற் காற்று சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அளவில் அமுங்கி இருக்கும். இக்கலனிலோ 3000 இறாத்தல்! நூறு மடங்கு. 80 கன அடிக் காற்று, ஒருவர் தோளிற் சுமக்கும் உருளைக்குள் ஒடுங்கிக் கிடக்கின்றது. அலுமினியக் கலன் வெறுமையாய் இருக்கையில் 14 கிலோ அளவு நிறையுடையது. காற்று நிறைந்தால் மேலும் இரண்டரைக் கிலோவுக்குக் கூடும். காற்றுக்கும் நிறையுண்டு என்று பள்ளியிற் படித்த மாணவர் இதனைத் தூக்கிப் பார்த்தால் நன்கு நம்புவர்.

ஆதலின் இதனை ஏற்றும் முறையும் தனியானது. நம்முடன் வந்த சுழியோடி இளைஞர் ஒரு கலனையும் நிறுத்தி வைக்கவில்லை. யாவற்றையும் பழைய சாக்குகளின்மேற் கிடத்தி, குமிழ்ப் பக்கம் பின்னோக்க, அடிப்பக்கம் லொறியின் முன்தட்டில் முட்டுமாறு வைத்திருந்தார். இடையிற் கட்டைகள் செருகிப் பட்டியால் இறுக்கியுமிருந்தார்.

“தம்பி, இவ்வளவு கட்டு வேண்டுமா?” என்றோம்.

“ஐயா, பிறேக் போட்டால் இது முன்னுக்குத்தான் ஓடும். அடி இடித்தாற் கீறல். கழுத்து இடித்தாற் குமிழ் உடையும். உடைந்தால் வாணம் மாதிரிப் பறக்கும்” என்றார்.

அவர் சொன்னது மிகையன்று. கலனின் உடல் வலிது; குமிழும் கழுத்துமே மெலிந்த இடங்கள். நின்றபடி வைத்த கலன் வளைவிற் சாய்ந்தாற் குமிழே முதலில் அடிபடும். கலன்கள் கட்டின்றி உருளும் வண்டியில், அவற்றின்மேலேயே ஆட்களை அமர்த்திச் செல்வதை வேறொரு நாளிற் கண்டோம். கண்டபோது உள்ளம் பதறியது. 2004இல் ஆழிப்பேரலையையும் 2009இற் போரின் முடிவையும் கண்ட கரை இது. இங்குள்ள வீடுகளில் உழைக்கும் கை ஒன்றாய் எஞ்சியவை பல.

வெயிலுக்கும் அஞ்சவேண்டும், ஆனால் அளவோடு. வெப்பம் 30 பாகை ஏறினால் உள்ளமுக்கம் பத்திலொரு பங்கு கூடும். பழுதற்ற கலன் அதனைத் தாங்கும். இத்தகைய கலனை 5000 இறாத்தல் அமுக்கத்திற் சோதித்தே கடைக்கு அனுப்புவர். உள்ளே உப்புநீர் புகுந்து அரித்த கலனே நம்பத்தகாதது. ஆண்டுக்கொருமுறை உட்புறம் பார்த்தலும், ஐந்தாண்டுக்கொருமுறை நீரமுக்கச் சோதனையும் இதற்காகவே. சோதித்த மாதமும் ஆண்டும் தோளில் முத்திரையாய்ப் பொறிக்கப்பட்டிருக்கும். வாங்குவோர் நிறத்தைப் பாராது அதனைப் பார்ப்பாராக.

முள்ளியவளை தாண்டுகையில் வற்றாப்பளை நினைவு வந்தது. வைகாசிப் பொங்கலுக்குக் கண்ணகை அம்மன் விளக்கேற்றக் கடல்நீரைக் குடத்தில் உள்நாட்டுக்குச் சுமந்து வருவர். நம் வண்டியோ காட்டிலிருந்து காற்றைக் கடலுக்குக் கொண்டு சென்றது.

முல்லைத்தீவுக் கரையில் இருவர் கலன்களை ஒவ்வொன்றாய் இறக்கிப் பனை நிழலிற் கிடத்தினர். திரும்பும் பயணத்துக்கென நான்கு வெற்றுக் கலன்கள் காத்திருந்தன. ஒன்றின் குமிழை இளைஞர் சற்றே திறக்க, ‘உஸ்’ என்றது. முற்றும் வெறுமையாக்கினால் ஈரக்காற்று உட்புகுமாம். ஆகவே சிறிது விட்டுவைப்பராம். அவற்றையும் அதே சாக்குகளின்மேற் கிடத்தி, அதே பட்டியால் இறுக்கிய பின்னரே தேநீர் அருந்த வந்தார்.