தேய வேண்டியது எது?

சங்க மலருக்கு நண்பர்கள் இலக்கியம் பற்றி எழுதுகிறார்கள். மொழி பற்றி எழுதுகிறார்கள். நானோ பூட்ஸைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். மலராசிரியர் பொறுத்தருள வேண்டும். முதுகலையில் வேதியியல் படிக்கும் ஒருவன், ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் குந்தியிருந்து ஓராண்டில் கற்றுக்கொண்டது இது.

வண்டி என் தந்தையாருடையது. 350 சி.சி. புல்லட். இங்கிலாந்தில் ரெட்டிச் நகரில் பிறந்த அந்த வண்டியை 1955 முதல் சென்னையிலும் செய்யத் தொடங்கினார்கள் அல்லவா? எங்கள் வண்டி 1991-இல் திருவொற்றியூரில் உருவானது. ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் மேல்தோல் தைக்கும் பிரிவில் அப்பாவுக்கு வேலை. 1998-இல் ஒருவர் கைமாறிய அந்த வண்டியைக் கடன் பட்டு வாங்கினார். சென்ற ஆண்டு அவருடைய முழங்கால் உதைக்க மறுத்துவிட்டது. “நீயே வைத்துக்கொள். பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசு மிச்சமாகும்” என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓசூர் வழியாக 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்து, ரிச்சர்ட்ஸ் டவுனில் நான் குடியிருக்கும் வீட்டுப் புங்க மரத்தடியில் நிறுத்தினேன். 1809-இல் இங்கே ஆங்கிலேயர் படைமுகாம் அமைந்த காலந்தொட்டு நம்மவர் வந்து குடியேறிய பகுதிகளில் இதுவும் ஒன்று. பூங்காவைச் சுற்றி வந்தால் தமிழ் காதில் விழாத நாளில்லை. வீட்டுக்கார அம்மையார் வண்டியைக் கண்டதும், “தம்பி, இது புதுசா?” என்று கேட்டார். முப்பது வயது தாண்டிய வண்டி அது! எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில்தான் முதல் பிழை செய்தேன். வண்டிக்கு ஏற்ற காலணி வேண்டுமென்று, கனத்த அடியும் பக்கவாட்டில் உலோகக் கொக்கிகளும் உடைய பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கினேன்.

பழைய புல்லட்டில் கியர் மிதி வலப்பக்கம் இருக்கும். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும். மற்ற மூன்றுக்கும் கீழே அழுத்த வேண்டும். உதைக்கும் கட்டையும் அதே பக்கம். ஆகவே வலக் காலுக்கு ஓயாத வேலை. காலுக்கு அருகிலுள்ள மூடிகளுக்கு ஓயாத உரசல். அவை வண்ணம் பூசாத, மெருகிட்ட அலுமினிய மூடிகள். இரண்டே மாதத்தில் கியர்ப்பெட்டி மூடியில் என் கணுக்கால் படும் இடம் மங்கிப்போயிற்று. பிறை வடிவத்தில் கீறல்கள்.

பூட்ஸின் அடி இரப்பர், உள்பக்கம் தோல். இரண்டும் அலுமினியத்தைவிட மெத்தென்றவை. மெத்தென்ற பொருள் வன்மையான பொருளை எப்படித் தேய்க்கும்? தேய்ப்பது பூட்ஸ் அன்று. அதில் ஒட்டிய புழுதி. லால்பாக்கில் ஒரு பாறைக் குன்று இருக்கிறதே, ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமை உடையது, அந்த இனத்துப் பாறைதான் இந்நகரத்தின் அடித்தளம். அது பொடியானால் அதில் குவார்ட்ஸ் இருக்கும். மோஸ் அளவையில் குவார்ட்ஸின் வன்மை 7. அலுமினியத்தினுடையது 3-க்கும் குறைவு. மழையில் நடந்து வந்து வண்டியில் ஏறுகிறவன் காலில் உப்புத்தாளைக் கட்டிக்கொண்டு ஏறுகிறான் என்றே சொல்லலாம். போதாக்குறைக்கு என் கொக்கிகள் வேறு.

ஆர்ச்சர்ட் என்பவர் 1953-இல் தேய்மானத்துக்கு ஒரு விதி எழுதினார். அழுத்தமும் உரசும் தொலைவும் கூடக் கூடத் தேய்மானம் கூடும். பொருளின் வன்மை கூடினால் குறையும். இதைத் தேர்வுத் தாளில் பிழையின்றி எழுதக்கூடிய நான் என்ன செய்தேன் தெரியுமா? அழுத்தத்தைக் குறைக்கவில்லை, உரசலைக் குறைக்கவில்லை. மூடியை மூடிவிடலாம் என்று முடிவு கட்டினேன்! கார்களுக்கு ஒட்டும் பாலியுரேதேன் படலம் ஒன்றை வாங்கி, மாலை நேரத்தில், அவசரம் அவசரமாக ஒட்டினேன். நல்ல பொருள்தான். வண்ணம் பூசிய பெட்ரோல் தொட்டியின் மேல் தூசியின்றி ஒட்டினால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். நான் ஒட்டியதோ வெறும் உலோகத்தின் மேல். அதிலும் பூட்ஸ் நாள்தோறும் இடறும் விளிம்பில்.

மழைக்காலம் வந்தது. விளிம்பு சற்றே கிளம்பியது. நீர் உள்ளே புகுந்தது. வெளியே வர வழியில்லை. அலுமினியத்தின் மேல் இயல்பாகவே சில நானோமீட்டர் தடிப்பில் ஆக்சைடு ஏடு ஒன்று உண்டு. காற்றுப் புகாத இடுக்கில், உப்பு கலந்த ஈரம் தேங்கினால் அந்த ஏடு அங்கங்கே உடையும். உலோகம் புள்ளி புள்ளியாய் அரிக்கும். மேலே கண்ணாடிபோல் மின்னிக்கொண்டிருந்ததால் நான் உள்ளே பார்க்கவேயில்லை.

பார்த்தவர் அப்பா. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரயிலில் வந்திறங்கினார். காப்பி குடிப்பதற்கு முன்பே மரத்தடிக்குப் போய்விட்டார். நகத்தால் படலத்தின் ஓரத்தைக் கிளப்பி உரித்தார். உள்ளே சுண்ணாம்பு பூத்ததுபோல் வெள்ளைப் பொடி. கைக்குட்டையால் துடைத்தார், அம்மைத் தழும்புபோல் குழிகள். இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் அவர் கால் பட்டும் கெடாத மூடி அது. என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“மெருகு போடட்டுமா?” என்றேன்.

“போடு. ஒவ்வொரு மெருகுக்கும் கொஞ்சம் உலோகம் போகும், தெரியும்தானே? குழி போகிறவரை தேய்த்தால் மூடி போய்விடும்.”

பிறகு வண்டியின் இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். தொட்டியின் இருபுறமும் முழங்காலுக்கு இரப்பர்ப் பட்டை. கால் வைக்கும் கட்டைக்கு இரப்பர். கியர் மிதிக்கும் இரப்பர். “செய்தவனுக்குத் தெரியாதா, கால் படும் என்று? தேயட்டும் என்றுதான் அதை வைத்திருக்கிறான். நீ அதை மாற்றாமல், தேயக்கூடாததைப் பொத்தி வைத்தாய்.” என் கியர் மிதியின் இரப்பர் கிழிந்து இரும்பு தெரிந்தது. அதை நான் கவனித்ததுகூட இல்லை. அவர் ஆண்டுதோறும் பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு நறுக்கி மாட்டுவாராம்.

அப்போதுதான் அவருடைய காலணியைப் பார்த்தேன். வலது காலணியில் மட்டும், கட்டைவிரலுக்கு மேலே, ஓர் அரைவட்டத் தோல் ஒட்டுத் தையல். சிறு வயது முதல் பார்த்திருக்கிறேன். கிழிந்ததைத் தைத்துக்கொண்டார், நமக்கு வசதி அவ்வளவுதான் என்று எண்ணி, பள்ளிக்கு அவர் வந்த நாட்களில் சற்றே வெட்கப்பட்டும் இருக்கிறேன். கியரைத் தூக்கும் இடம் அது! புதுக் காலணி வாங்கிய அன்றே, கிழியும் முன்பே, அவர் தம் கையால் தைத்துக்கொள்வது அது. “தோல் என்றால் நான் தைத்துவிடுவேன். வார்ப்பை யார் தைப்பது?” என்றார்.

அன்று பகலெல்லாம் மூடியைக் கழுவி, வெள்ளைப் பொடியை நீக்கி, இலேசாக மெருகிட்டு, மெழுகு பூசினோம். குழிகள் இருக்கின்றன. அருகே போனால் தெரியும். மாலையில் கண்டோன்மெண்ட் நிலையத்துக்கு அவரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு போனேன். வண்டி வருமுன், “பூட்ஸைக் கழற்று” என்றார். திகைத்தேன். “இரண்டும் எதற்கு? வலது மட்டும் போதும்.” ஒற்றைப் பூட்ஸைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார். நான் ஒரு காலில் காலுறையோடு வண்டியோட்டி வீடு வந்தேன். கியரைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் மிதியின் இரும்பு விரலில் உறைத்தது.

பத்து நாள் கழித்து ஊர்க்காரர் ஒருவர் கையில் பை திரும்பி வந்தது. உள்பக்கத்துக் கொக்கிகளை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தோல் வைத்துத் தைத்திருந்தார். விரலுக்கு மேலே அரைவட்டம். பூட்ஸுக்குள்ளே, சுருட்டி வைத்த ஒரு முழம் சைக்கிள் ட்யூப்.